ஜனவரி லாட்

4 ஜனவரி 2024, வியாழன்

ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் மறுபடி போன் செய்தார். "தம்பி, புதுசா வந்திருக்கிற ஜப்பான் கார்ட்டூன்ல ஒரு பத்து எடு. பக்கத்துல நட்சத்திரம் போடு. பிள்ளைங்க படிப்பாங்க." மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். கார்ட்டூன் இல்லை சார், அனிமே என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஜப்பான் தொலைக்காட்சியில் வருஷத்துக்கு நான்கு பருவம்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். பருவத்துக்கு ஐம்பதுக்கு மேல் தொடர்கள் இறங்கும். பெரும்பாலானவை 12 அல்லது 13 அத்தியாயத்தோடு முடியும். நான் வேலை பார்க்கும் சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் லைனுக்கு வரும் லாட் மாதிரிதான். சாம்பிள் எடுக்கலாம், எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க ஆயுள் போதாது.

வருஷம் அங்கே மோசமாகப் பிறந்திருக்கிறது. முதல் தேதி நோத்தோவில் நிலநடுக்கம், மறுநாள் ஹனேடாவில் விமான மோதல். வாஜிமா ஊரில் சந்தையைத் தின்ற தீயில் கோ நாகாய் நினைவுக் கூடமும் சிக்கியதாம். மஸிங்கர், கிரெண்டைசர் எல்லாம் வரைந்த மனிதர், அந்த ஊர்க்காரர்.

5 ஜனவரி, வெள்ளி

டன்ஜன் மெஷி முதல் அத்தியாயம். நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. ரியோகோ குயி 2014-இல் தொடங்கிப் போன செப்டம்பரில் முடித்த மாங்கா, 14 தொகுதிகள். ட்ரிகர் ஸ்டூடியோ எடுத்திருக்கிறது. பாதாளக் குகைக்குள் போன கூட்டம் ஒன்று. தலைவன் லையோஸின் தங்கையை டிராகன் விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதற்குள் மீட்க வேண்டும், கையில் காசில்லை, அரிசியில்லை. வழியில் அகப்படும் பூதங்களையே சமைத்துத் தின்றுகொண்டு போவது என்று முடிவெடுக்கிறார்கள். ட்ரிகர் என்றால் வெடியும் கூச்சலும் என்று பழகியிருந்தவனுக்கு இந்த நிதானம் புதிது.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் அவருக்குப் "பொம்மைப் படம்". தேளையும் நடக்கும் காளானையும் சட்டியில் போட்டபோது கை நின்றது.

"வாலை வெட்டிட்டானா?"

"வெட்டிட்டாங்கம்மா. விஷம்."

"வயித்துல கீறல் போட்டாத்தான் உப்பு இறங்கும்." சற்று நேரத்தில் அந்தக் குள்ளச் சமையல்காரன் சென்ஷி ஏறக்குறைய அதையேதான் செய்து காட்டினான். அம்மா எனக்கு ஒரு பார்வை கொடுத்துவிட்டுப் பூண்டுக்குத் திரும்பினார். காய்ந்த சளிப்பூதத்தை நூடுல்ஸாகப் போட்டதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

முடிந்ததும் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நெட்ஃபிளிக்ஸ் வழக்கம்போல் படத்தை மூலைக்குத் தள்ளி அடுத்ததற்குப் போகிறாயா என்று கேட்டது. ரிமோட்டைப் பிடித்து முழுத்திரைக்குக் கொண்டுவந்தேன். முன்பு கம்பெனியில் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது கத்தகனா எழுத்து மட்டும் கற்றுக்கொண்டு வந்தேன். அதை வைத்து அனிமேயில் கதை புரியாது. கடைசிப் பெயர்களில் வெளிநாட்டுக்காரர் யார் என்று மட்டும் புரியும். கொரியா, வியட்நாம், சீனா, பிலிப்பைன்ஸ் பட்டறைகளின் பெயர்கள் கத்தகனாவில் அல்லது ஆங்கில எழுத்தில் வரும். பெரும்பாலும் "தோகா" என்ற தலைப்பின் கீழ். தோகா என்றால் இடைப்படம்: மூத்தவர் கை தூக்கியதையும் இறக்கியதையும் வரைவார், நடுவில் கை போகும் வழியை இன்னொருவர் வரைவார். அரை மணி நேர அத்தியாயத்துக்கு ஆயிரக்கணக்கில் தாள். தாளுக்கு இருநூறு யென் சுற்றளவில் கூலி என்று பல வருஷமாகச் செய்திகளில் வருகிறது.

பினாங்கில் நம் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டையும் 1972-இல் அப்படித்தான் பிறந்தது. முதலில் வந்த எட்டு கம்பெனிகளை "எட்டு சாமுராய்" என்பார்கள். அதில் ஜப்பான்காரர்கள் கிளாரியன், ஹிட்டாச்சி இரண்டே பேர், மற்றவர்கள் அமெரிக்காவும் ஜெர்மனியும். வடிவமைப்பு அங்கே, கம்பி கட்டுவதும் சோதிப்பதும் இங்கே. அதனால்தானோ என்னவோ, அந்த இடைப்படப் பட்டியலைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.

7 ஜனவரி, ஞாயிறு

நேற்றும் இன்றுமாக மூன்று.

சோலோ லெவலிங்: எல்லாரும் காத்திருந்தது. கொரிய இணைய நாவல், பிறகு வெப்டூன், இப்போது ஏ-1 பிக்சர்ஸ் கையில் ஜப்பான் அனிமே. வெப்டூனை வரைந்த டுபு 2022-இல் இறந்துபோனார், இதைப் பார்க்கவில்லை. உலகிலேயே பலவீனமான வேட்டைக்காரன் என்று பெயர் வாங்கியவன் கதை. சிலைகள் நிற்கும் மண்டபத்துக்குள் நுழைகிற காட்சியில் சத்தம் அடங்குவது நன்றாக இருக்கிறது. ஹிரோயுகி சவானோ இசை அதற்குமேல் எதையும் அடங்க விடாது. ஜப்பானில் ஒளிபரப்பாகும் பதிப்பில் நாயகனுக்கு ஜப்பானியப் பெயர். நமக்கு வருவதில் கொரியப் பெயரே. ஒரே வாய் அசைவு, இரண்டு ஊர்க்காரன்.

மேஷ்லே இரண்டாம் பருவம்: கதையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் கிரீப்பி நட்ஸ் பாடிய தொடக்கப் பாட்டு ஊரைப் பிடித்துவிடும்போல. குவீன்ஸ்பேயில் பிள்ளைகள் கைபேசியை நிறுத்திவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தொடர் தொடங்கி ஒரு நாள் ஆகவில்லை.

எ சைன் ஆஃப் அஃபெக்ஷன்: இதைத்தான் எழுத வேண்டும். காது கேளாத கல்லூரி மாணவி யூகி. ரயிலில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வழி கேட்கிறார், அவளால் பதில் சொல்ல முடியவில்லை, பல மொழி பேசும் இளைஞன் குறுக்கே வந்து உதவுகிறான். காதல் கதைதான், வழக்கமான வேகத்தில்தான் போகிறது. ஆனால் கைகள்! அனிமேயில் கை வரைவதைத்தான் எல்லாரும் தவிர்ப்பார்கள். கைகளைச் சட்டைப்பைக்குள் போடுவார்கள், மேசைக்குக் கீழே விடுவார்கள், முகத்தை மட்டும் காட்டி ஒப்பேற்றுவார்கள். இங்கே பேச்சே கையில். விரல் ஒன்று பிசகினால் சொல்லே மாறிப்போகும். ஆஜியா-டோ ஸ்டூடியோ அந்த வம்பைத் தானாகத் தலையில் தூக்கிவைத்திருக்கிறது.

கிளீன்ரூமில் பன்னி சூட் போட்டுக்கொண்டு, கண்ணைத் தவிர எல்லாம் மூடி, மெஷின் இரைச்சலில் நாங்களும் கையால்தான் பேசுகிறோம். "லாட் நிறுத்து", "சூப்பர்வைசர் வர்றார்", "சாப்பிடப் போறேன்" மூன்றுக்கும் சைகை உண்டு. நாலாவதாக ஒன்று தேவைப்பட்டதே இல்லை. யூகி தன் தோழியிடம் அரட்டை அடிக்கிற வேகத்தைப் பார்க்கும்போது எங்களுடையது வெறும் ஹாரன் சத்தம்.

12 ஜனவரி, வெள்ளி

அக்கா மகள் இரவு பதினோரு மணிக்கு போன்.

"மாமா, பிரேவெர்ன் பாத்தீங்களா?"

"உனக்கு எஸ்பிஎம் பரீட்சை இந்த மாசக் கடைசியில."

"சரி லா, பாத்தீங்களா இல்லையா?"

பார்த்தேன். விளம்பரத்தில் எல்லாம் கண்டிப்பான ராணுவக் கதை மாதிரி காட்டினார்கள்: ஹவாயில் கூட்டுப் பயிற்சி, சாம்பல் நிற எந்திரங்கள், முகத்தில் சிரிப்பில்லாத சிப்பாய்கள். முதல் அத்தியாயத்தின் கடைசி நிமிடங்களில் வானத்திலிருந்து பளபளவென்று பேசும் ரோபோ ஒன்று இறங்கி, இசாமி என்ற சிப்பாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்மேல் ஏறு என்று கெஞ்சுகிறது. பிறகு சண்டையின் நடுவே தன் பாட்டைத் தானே ஒலிக்கவிடுகிறது. இயக்குநர் மசாமி ஓபாரி எண்பதுகளிலிருந்து ரோபோ வரைந்தவர். இந்த ரகசியத்தை ஒளிபரப்பு வரை காப்பாற்றியதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். வீட்டில் தனியாகச் சத்தம்போட்டுச் சிரித்தேன், அம்மா எழுந்து வந்து பார்த்தார்.

மெட்டாலிக் ரூஜ் எதிர்மாறு. போன்ஸ் ஸ்டூடியோவின் 25-ஆம் ஆண்டுச் சிறப்புத் தொடர். செவ்வாய் கிரகம், செயற்கை மனிதர்கள், மனிதருக்குத் தீங்கு செய்யாதே என்ற கட்டளை. படம் ஒவ்வொன்றும் சட்டம்போட்டு மாட்டலாம். யார் யாரை எதற்குத் தேடுகிறார்கள் என்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டார்கள். இரண்டு அத்தியாயம் தருகிறேன்.

வேறு உலகத்தில் மறுபிறவி எடுக்கிற வகை இந்தப் பருவத்திலும் கூடை கூடையாக. ஒரு மாலையில் நாலு தொடர் சாம்பிள் எடுத்தேன். எல்லாம் ரிஜெக்ட்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். மலேசியாவில் பொது விடுமுறை இல்லை, லீவு எழுதிக்கொடுத்து எடுத்தேன். அம்மா வாசலில் அடுப்பு வைத்தார். பொங்கி வரும் நேரத்தில் தலைக்குமேல் விமானம் இறங்கியது, "பொங்கலோ பொங்கல்" யாருக்கும் கேட்கவில்லை. அனிமே எதுவும் பார்க்கவில்லை.

19 ஜனவரி, வெள்ளி

டன்ஜன் மெஷி மூன்றாவது. தானாக நடக்கும் இரும்புக் கவசங்கள். பேய் பிடித்தது என்று நினைத்தால், உள்ளே கூட்டமாக வாழும் மெல்லுடலிகளாம். கவசம் அவற்றுக்கு ஓடு. லையோஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான். உடனே அடுப்பு.

"சிப்பி," என்றார் அம்மா. "அதுக்கு என்ன இத்தனை சண்டை. வெந்நீர்ல போட்டா தானா வாய் திறக்கும்."

இந்தத் தொடரின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். எதையும் மந்திரம் என்று விட்டுவிடுவதில்லை. இது எப்படி உயிர் வாழ்கிறது, எதைத் தின்கிறது, எங்கே அறுக்க வேண்டும் என்று கேட்கிறது. பழுதான சிப்பை ஏன் என்று பிரித்துப் பார்க்கிற பிரிவில் எங்களிடம் ஒருவர் இருக்கிறார். லையோஸ் முகத்தில் தெரிகிற அதே வெட்கமில்லாத ஆனந்தம் அவரிடம் உண்டு.

இரவு ஃப்ரீரென். செப்டம்பர் கடைசியில் தொடங்கியது, 28 அத்தியாயம் என்பதால் இந்தப் பருவத்துக்கும் நீள்கிறது. ஆயிரம் ஆண்டு வாழும் எல்ஃப் பெண். கூடப் பத்தாண்டு நடந்த மனிதன் கிழவனாகிச் செத்த பிறகுதான், அவனைத் தெரிந்துகொள்ளவே இல்லையே என்று அழுகிறாள். அந்த மெதுவான நடைக்காகத்தான் அதை உயிராகப் பார்த்தேன். போன வாரத்திலிருந்து முதல்தர மந்திரவாதித் தேர்வு தொடங்கிவிட்டது. புதுமுகங்கள், குழு பிரிப்பு, பறவை பிடிக்கும் போட்டி. மேட்ஹவுஸின் கைவண்ணத்தில் குறையில்லை. ஆனால் சாலையோரம் ஒரு கிராமத்தில் சிலை துடைத்துக்கொண்டிருந்தவளைக் கொண்டுவந்து தேர்வுக்கூடத்தில் உட்கார வைத்தது எனக்கு ஒப்பவில்லை.

அக்கா மகளுக்கு எதிர்க்கருத்து. "இப்பத்தான் மாமா நல்லாருக்கு." தேர்வு எழுதப் போகிறவள் அப்படித்தான் சொல்வாள்.

24 ஜனவரி, புதன்

செட்டிப் பூசம். விடியுமுன் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் போய், பினாங்கு வீதியில் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புவதைப் பார்த்தேன். தேங்காய் மலை மலையாகக் குவிந்திருந்தது. இரவு எங்கள் ஷிப்ட் ஆட்களின் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். சர்பத் ஊற்றுகிற வேலை. பக்கத்துப் பந்தலின் ஒலிபெருக்கியில் முருகன் பாட்டுக்கு இடையே யாரோ பையன் மேஷ்லே பாட்டைப் போட்டுவிட்டான். பெரியவர் ஒருவர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசம். தண்ணீர்மலை ஏறி இறங்கி, கால் வலியோடு நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தால் செய்தி: கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் ஷின்ஜி ஆவோபாவுக்கு மரண தண்டனை விதித்திருக்கிறது. 2019 ஜூலை 18, கியோட்டோ அனிமேஷனின் முதல் ஸ்டூடியோ. பெட்ரோலை ஊற்றித் தீவைத்தான். கட்டடத்தில் 70 பேர் இருந்தார்கள், 36 பேர் இறந்தார்கள். தன் நாவல் கருத்துகளைத் திருடிவிட்டார்கள் என்பது அவன் சொன்ன காரணம். மனநிலை சரியில்லாதவர் என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், நீதிபதி ஏற்கவில்லை.

சுற்றிலும் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. எழுந்து நடக்கவில்லை, வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

கியோட்டோ அனிமேஷன் எனக்கு ஏன் முக்கியம் என்று இதுவரை எங்கும் எழுதியதில்லை. 1981-இல் அது ஸ்டூடியோவே இல்லை. தோக்கியோ கம்பெனிகளின் படங்களுக்கு வண்ணம் பூசித் தருகிற கூலிப் பட்டறை. தொடங்கியவர் யோகோ ஹட்டா, ஒஸாமு தெசுக்காவின் முஷி ஸ்டூடியோவில் வண்ணம் பூசிய பெண். உடன் அக்கம்பக்கத்துக் குடும்பப் பெண்கள். பின்வேலை செய்தவர்கள் மெல்ல மெல்ல முன்வேலையைக் கற்றார்கள். பிறகு தங்கள் பெயரிலேயே படம் எடுத்தார்கள். தாளுக்கு இவ்வளவு என்று கூலி தரும் தொழிலில் மாதச் சம்பளம் கொடுத்தார்கள், பள்ளி வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். பாயான் லெப்பாஸில் ஒவ்வொரு தொழில் கருத்தரங்கிலும் நாமும் இனி வடிவமைப்புக்குப் போக வேண்டும் என்று பேசுவார்களே, அதை ஊஜி என்ற சின்ன ஊரில் செய்து காட்டியவர்கள். எரிந்தது அப்படிப் பழக்கப்பட்ட கைகள்.

தீ வைப்புக்கு முந்தின நாள் வயலட் எவர்கார்டன் தனிக்கதைப் படம் முடிந்திருந்தது. செப்டம்பரில் வெளியானபோது, அதில் வேலை செய்த அத்தனை பேர் பெயரும் கடைசியில் ஓடியது. வழக்கமாகப் பெயர் போடாத புதுப்பிள்ளைகள் உட்பட. ஆனால் பல குடும்பங்கள் இறந்தவர் பெயரை ஊடகம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டன, விசாரணையிலும் பலர் பெயரில்லாமலே குறிப்பிடப்பட்டார்கள். பெயர் ஓடினால் படித்தே ஆவேன் என்று அடம்பிடிக்கிறவன் நான். அந்தக் குடும்பங்களுக்கு அது வேண்டாம். இரண்டும் நியாயம்தான், ஒன்றை வைத்து மற்றதை அடிக்க எனக்குத் தெரியவில்லை.

மோட்டாரில் வீடு திரும்பும்போது ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல்.

28 ஜனவரி, ஞாயிறு

கட்டுரை அனுப்பினேன். பத்து இல்லை, ஐந்து. நட்சத்திரம் இல்லை. மூன்று, நான்கு அத்தியாயம் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவது லாட்டை ஓவனில் வைக்காமலே பாஸ் பண்ணுவது. சூடு ஏறினால்தான் எது உடையும் என்று தெரியும். பன்னிரண்டு வாரம், ஒவ்வொரு வாரமும் கெடு, எட்டாவது வாரத்தில் கை சோர்ந்து முகங்கள் கோணுகிற தொடர் எத்தனை பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் பதில்: "நட்சத்திரம் நான் போட்டுக்கறேன்."

4 பிப்ரவரி, ஞாயிறு

போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் நாலு.

8 மார்ச், வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் திடீரென்று எல்லார் போனும் ஒரே செய்தி. கோகுவை வரைந்த அகிரா தோரியாமா இறந்துவிட்டார், முதல் தேதியே. 68 வயது, மூளையில் ரத்தக் கசிவு. மலாய், சீன, தமிழ்ப் பையன்கள், நேபாளத்துத் தொழிலாளர்கள், எல்லாருக்கும் சொல்ல ஒரு கோகு கதை இருந்தது. வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் கோகு மாதிரி இரண்டு கையையும் இடுப்பருகே குவித்துக் காட்டினார். கிளீன்ரூம் சைகைகளில் நாலாவது கிடைத்துவிட்டது.

இன்றைக்கு விமர்சனம் எதுவும் எழுதுவதாக இல்லை.

24 மார்ச், ஞாயிறு

லாட் வெளியே வருகிறது.

ஃப்ரீரென் வெள்ளிக்கிழமை முடிந்தது. பெரிய சண்டை வைக்கவில்லை, கண்ணீர் வைக்கவில்லை. தேர்வு முடிந்தவர்கள் ஊரைவிட்டுப் பிரிகிறார்கள், ஃப்ரீரெனும் கூட வரும் இருவரும் வடக்கே நடக்கிறார்கள், அவ்வளவுதான். தேர்வுப் பகுதியில் தங்கள் பிரதிகளோடே மோதும் அத்தியாயங்கள் என்னை வாயடைக்க வைத்தன என்பதையும் எழுத வேண்டும். ஆனாலும் முதல் பாதிதான் என்னுடையது. எ சைன் ஆஃப் அஃபெக்ஷன் நேற்றோடு நிறைந்தது. கடைசிவரை கை ஓரிடத்திலும் சோரவில்லை. பருவத்தின் சிறந்த வேலை என்று இதைத்தான் சொல்வேன், சத்தம் போட்டவை வேறாக இருந்தாலும். சோலோ லெவலிங் முடிய இன்னும் ஒரு வாரம். சண்டைகள் ஏறுமுகம், மனிதர்கள் இறங்குமுகம். மெட்டாலிக் ரூஜ் கைவிட்டேன். டன்ஜன் மெஷி ஜூன் வரை ஓடும், அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அக்கா மகள் எஸ்பிஎம் முடித்துவிட்டு வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தியாவில் கிரஞ்சிரோல் தமிழ் டப்பிங் போடுகிறது என்று கேள்விப்பட்டு ஒரு துண்டுக் காட்சியைத் தேடிப் பிடித்தாள். சென்னைத் தமிழில் பேசுகிற வேட்டைக்காரனைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு முதல்முறையாக எழுத்து ஓடாமல் கதை புரிந்தது. "இப்படிப் போட்டா என்னவாம் முன்னாடியே" என்றார். சமையல்காரப் படத்துக்கும் தமிழ் இருக்கிறதா என்று கேட்டார். தேடிச் சொல்வதாகச் சொன்னேன்.

என் பட்டியலை அக்கா மகளிடம் காட்டினேன். பிரேவெர்ன் நாலாவது இடத்தில் இருந்தது.

"மாமா, நீங்க எதுக்கு அதிகமா சிரிச்சீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

பதில் வரவில்லை. இரண்டாவது இடத்துக்கு ஏற்றினேன், அவளுக்கு அது போதவில்லை.

ஆசிரியர் ஏப்ரலில் என்ன வருகிறது என்று கேட்டிருக்கிறார். கைஜு நம்பர் 8 பற்றி எல்லாரும் எழுதுவார்கள். நான் முதலில் வைக்கப்போவது ஏப்ரல் 7, ஞாயிறு மாலை, என்எச்கேயில் வரும் ஹிபிகே! யூஃபோனியம் மூன்றாம் பருவம். ஊஜி ஊர்ப் பள்ளி ஒன்றின் பேண்ட் வாத்தியக் குழு, கியோட்டோ அனிமேஷன். பாத்திரங்களை வடிவமைத்த ஷோகோ இகெடா 2019 தீயில் இறந்தவர். அறிவிப்பில் பாத்திர வடிவமைப்பு என்ற இடத்தில் அவர் பெயரும் அப்படியே இருக்கிறது. அன்று எனக்குப் பகல் ஷிப்ட், ஏழு மணிக்குத்தான் விடுவார்கள். சூப்பர்வைசரிடம் மாற்றிக் கேட்க வேண்டும்.